எனக்கு ஓடுது, நன்றி

நிரல்களை எழுதி இலவசமாகப் பகிர்ந்துகொள்கிற லினக்ஸ்காரர்களைப் பற்றி வெளியுலகம் நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. டாஸ்க்பார் திரைக்கு மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று மூன்று வாரம் மல்லுக்கட்டுகிறவர்களை எவர்தான் மெச்சுவார்? ‘முனையம்’ என்ற தமிழ் லினக்ஸ் மன்றத்தில் அந்தச் சண்டை ஐந்நூறு பதிவுகளைத் தாண்டி ஓடியது. கடைசியில் ஆரம்பித்து வைத்தவரே கோபித்துக்கொண்டு வெளியேறினார். அதே மன்றத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவர், ‘பிரிண்டர் ஓடவில்லை, மகளுக்கு நாளைக்குள் ஹால்டிக்கெட் எடுக்க வேண்டும்’ என்று எழுதினால், எட்டுப் பேர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

மாசானமுத்து அந்த எட்டுப் பேரில் ஒருவன். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சபை ஆண்டறிக்கை என்று பகலெல்லாம் எழுத்துகளை இழுத்தும் நகர்த்தியும் கொண்டிருப்பான். நடுவே கிடைக்கிற நேரத்தில் ‘தொண்டை’யைப் பார்த்துக்கொள்வான்.

தொண்டை என்பது ஒரு கணினி நிரல். பேச்சு போனவர்களுக்காக வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று முன்பு ஒரு கழுத்துப் பட்டை விற்றது. வாய் அசையாவிட்டாலும், பேச நினைக்கும்போது கழுத்து நரம்பில் ஒரு துடிப்பு ஓடும். பட்டை அதைப் பிடித்துக் கணினிக்கு அனுப்பும். கணினி அதைச் சொல்லாக்கி ஒலிபெருக்கியில் பேசும். பட்டையைக் கணினி கண்டுகொண்டது என்பதற்கு அடையாளமாகக் காதுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு நீல விளக்கு எரியும். கம்பெனி மூன்றே வருடத்தில், சொல்லாக்கும் நிரலையும் நிறுத்தி, இழுத்து மூடிவிட்டுப் போனது. அன்றைக்கு வாங்கியவர்கள் எல்லாம் ஒரே நாளில் மறுபடியும் ஊமையானார்கள். முனையத்து ஆட்கள் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, பட்டை என்ன அனுப்புகிறது என்று கண்டுபிடித்து, சொந்தமாக ஒரு நிரலை எழுதி ஊருக்குக் கொடுத்தார்கள். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. எழுதியவர்களில் மிஞ்சியது மூன்று பேர்: மாசானம், காயல்பட்டினத்து ரஹ்மத்துல்லா, தூத்துக்குடி துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா.

முனையத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டும் அவர்களுக்குப் பெருமை.

எதையாவது மாற்ற வேண்டுமானால் தீர்மானமாக எழுதிப் பதினான்கு நாள் காத்திருப்பார்கள். அதற்குள் யாராவது ஒரே ஒருவர் ‘ஆட்சேபம்’ என்று எழுதினால் போதும், தீர்மானம் விழுந்துவிடும். ஒருவரும் எழுதாவிட்டால் நிறைவேறிவிடும். ஓட்டு இல்லை, தலைவர் இல்லை, பெரியவன் சின்னவன் இல்லை.

மற்றது, அவர்கள் யாரையும் எண்ணுவதில்லை. தொண்டையை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், யார், எந்த ஊர் என்று ஒரு விவரமும் எடுப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ரஹ்மத்துல்லா கேட்டார்: “வாரத்துக்கு ஒரு தடவ, ‘நான் இருக்கேன்’னு மட்டும் ஒரு சேதி வந்தா என்ன? பேர் வேண்டாம், ஊர் வேண்டாம்.” மாசானம் சாமி வந்தவன் மாதிரி ஆடிவிட்டான். “மனுசன் கழுத்துலேருந்து வார வார்த்தை அது. அந்த மெஷின விட்டு ஒரு புள்ளிகூட வெளிய போகக் கூடாது. இன்னைக்கு எண்ணுவோம், நாளைக்கு ஒட்டுக் கேப்போம்.” பிறகு ‘ஆட்சேபம்’ என்று ஒற்றைச் சொல் எழுதினான். ரஹ்மத்துல்லாவின் தீர்மானம் விழுந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

எண்ணாதவர்களுக்கு ஆள் இருப்பது எப்படித் தெரியும்? ‘நொச்சி’ இருந்தார். புதுப் பதிப்பு வெளியான அன்றே, மதியத்துக்குள், அந்தப் புனைபெயரில் ஒரு பதிவு வந்துவிடும்: ‘பழைய பட்டை. எனக்கு ஓடுது. நன்றி.’ அவ்வளவுதான். அவர் ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. எந்தச் சண்டையிலும் தலை காட்டியதில்லை. மாசானத்துக்கு அந்த ஒரு வரி பெரிய தெம்பு. பதிப்பை வெளியிட்டுவிட்டு, அச்சகத்தில் யாருடைய நினைவுநாள் போஸ்டரையோ செய்தபடி, நொச்சி வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருப்பான். வந்ததும் போய் டீ குடித்துவிட்டு வருவான்.

அந்த வருடம் கணினிகளை இயக்கும் அடிநிரல் மாறியது. தொண்டையையும் மாற்றி எழுத வேண்டி வந்தது. சோதித்துப் பார்க்க மாசானத்திடம் இருந்த ஒரே பழைய பட்டை ஏப்ரலில் செத்துப்போனது. புதுப் பட்டை, வேறு கம்பெனியுடையது, ஜெசிந்தாவின் அப்பா கழுத்தில் இருந்தது. அதில் நன்றாக ஓடியது. பழையதில் ஓடுமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஜூன் இரண்டாம் தேதி ஏழாம் பதிப்பை வெளியிட்டான்; வெளியிட்டால் எல்லாருடைய கணினியிலும் அது தானாகவே ஏறிக்கொள்ளும். கீழே சின்ன எழுத்தில், ‘பழைய பட்டையில் சோதிக்கவில்லை’ என்று நேர்மையாகக் குறித்தும் வைத்தான்.

நொச்சி வரவில்லை.

ஆறாம் தேதி காலை மாசானம் தீர்மானம் எழுதினான். ‘பழைய பட்டைக்கான பகுதியை நீக்கலாம் என்று முன்மொழிகிறேன். அதைச் சோதிக்க வழியில்லை. அதைத் தூக்கிச் சுமக்க எனக்கும் தெம்பில்லை. இன்னும் யாரேனும் பயன்படுத்தினால் சொல்லவும். பதினான்கு நாள்.’

பத்தாம் நாள் ஜெசிந்தா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணே, நொச்சி ஒண்ணும் எழுதலையே.”

“புதுசு வாங்கியிருப்பாங்க.”

“வாங்கினா அதையும் ஒரு வரி எழுதுற ஆளுல்லா அது?”

“ஜெசி, ஓடலன்னா ஓடலன்னு எழுதப் போறாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு எழுதப் போறாங்க. கதவத் தொறந்துதான வச்சிருக்கோம்?” என்றான் மாசானம். அவன் களைத்திருந்தான். பதினோரு வருடக் களைப்பு. தீர்மானம் நிறைவேறிவிட்டால் பாதி பாரம் இறங்கும் என்று அவன் மனதுக்குள் ஓர் ஆசை இருந்தது. ஜெசிந்தா அதற்கு மேல் பேசவில்லை. இருபதாம் தேதி, ‘ஆட்சேபம் இல்லை. தீர்மானம் நிறைவேறியது’ என்று எழுதிப் பூட்டினான். பழைய பட்டைக்கான மூவாயிரம் வரிகளை நீக்கினான். அன்று நன்றாகச் சாப்பிட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு முற்பகலில், அச்சகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் தார்ப்பாய் சுற்றிய பெட்டி. அறுபத்தைந்து வயது இருக்கும். கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தவர் என்று மாசானம் நினைத்தான். அந்த முகம் அப்படித்தான் இருந்தது.

“மாசானமுத்துங்கறது?”

“நான்தான் அண்ணாச்சி. உக்காருங்க.”

“என் பேரு பாக்கியநாதன். நாசரேத்துலேருந்து வாரேன். கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்.” பெட்டியை மேசைமேல் வைத்துத் தார்ப்பாயைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய கணினி. அதன்மேல் துண்டில் பொதிந்த ஒரு கழுத்துப் பட்டை. “இதுக்குள்ள, ‘குறை இருந்தால் எழுதுக’ன்னு போட்டு உங்க பேரும் இந்த அட்ரசும் இருந்துச்சாம். என் தங்கச்சி மக பெங்களூர்லேருந்து பாத்துச் சொன்னா. கம்ப்யூட்டர்ல எழுத வராது எனக்கு. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்.”

மாசானம் பட்டையைப் பார்த்தான். பழைய பட்டை. 

“வீட்டுல யாருக்கு?”

“என் சம்சாரத்துக்கு. ஜீவரத்தினம். பள்ளிக்கூடத்துல பாட்டனி டீச்சர். நரம்பு நோவு. மொதல்ல கை போச்சு, பெறகு காலு, பெறகு வாயி. கடைசியில கண்ணு இமையும் நின்னு போச்சு. மூச்சுக்கு மெஷின். ஆனா இந்தப் பட்டை இருந்த மட்டுக்கும் பேச்சுக்குக் கொறையே இல்ல தம்பி. வாய் அசையாமலே என்னய ஏசுவா.” சிரிக்கப் பார்த்தார். “உங்க மன்றத்துலயும் எழுதுவா. நொச்சின்னு பேரு வச்சிக்கிட்டா. ஜன்னலோரம் ஒரு நொச்சி நின்னுது, அத நெனச்சு.”

 பக்கத்தில் அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“ஜூன் மாசம் திடீர்னு பேச்சு நின்னுபோச்சு,” என்றார் பாக்கியநாதன். “ஒரு நாளைக்கு இந்த நரம்பும் அடங்கிரும்னு டாக்டர் முன்னமே சொல்லி வச்சிருந்தார். சரி, அந்த நாளு வந்துட்டுன்னு நெனச்சேன். மூளையும் மங்கியிருக்கும்னு சொன்னாங்க. அக்டோபர்ல நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு. இனி வேதனதான், மெஷின எடுத்துரலாம், சம்மதம்னா கையெழுத்துப் போடுங்கன்னாங்க.”

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நான் உடனே போடல தம்பி. ஒம்பதாம் தேதி மத்தியானம் பூரா அவ பக்கத்துலயே இருந்தேன். கேட்டேன். ‘ரத்தினம், போடட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு.’ மூணு மணிலேருந்து நாலரை மட்டுக்கும் கேட்டேன். ஒண்ணும் சொல்லல. போட்டேன். பதினொண்ணாம் தேதி போயிட்டா. குளிப்பாட்டப் பட்டையக் கழட்டும்போது அந்த நர்சுப் பொண்ணு கேக்குது, ‘ஐயா, இதுல விளக்கு எரியவே இல்லையே, எத்தன நாளா இப்படி’ன்னு.”

அச்சு இயந்திரம் நின்றது. 

“அவ பேசலையா, இல்ல பேசி எனக்குக் கேக்கலையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். அந்த மத்தியானத்துல அவ வேண்டாம்னு சொல்லியிருந்தா... நான் என்ன செஞ்சிருக்கேன்னு எனக்குத் தெரியணும்லா?”

மாசானத்துக்குத் தெரியும். தொண்டை ஒவ்வொரு துடிப்பையும் இருநூறு நாள் வரை அந்தக் கணினிக்குள்ளேயே குறித்து வைக்கும். கோளாறு வந்தால் கண்டுபிடிப்பதற்கு. வெளியே போகாது, ஆனால் அழியாது. பட்டையை அடையாளம் தெரியாவிட்டால், ‘அறியாத சாதனம்’ என்று போட்டுப் பக்கத்தில் எண்களை எழுதிக்கொண்டே போகும். அந்த எண்களைச் சொல்லாக்க ஆறாம் பதிப்பு வேண்டும். நீக்கியதும் எங்கேயும் போய்விடவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் எதையும் ஒரேயடியாக அழிப்பதில்லை, பழைய பதிப்புகள் எல்லாம் களஞ்சியத்தில் அடுக்கி இருக்கும்.

“பாக்கலாம் அண்ணாச்சி,” என்றான்.  “காப்பி குடிக்கியளா?”

“பெறகு குடிக்கேன்.”

கணினியை இணைத்துத் திறந்தான். குறிப்பேட்டில் எண்கள் வரிவரியாக ஓடின. ஜூனிலிருந்து அக்டோபர் வரை, ‘அறியாத சாதனம்’, ‘அறியாத சாதனம்’, ‘அறியாத சாதனம்’. அந்த வாசகத்தை எழுதியவன் அவன்தான். இதில் இறங்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எண்கள் இல்லை, அழிந்துவிட்டன என்று சொன்னால் பெரியவர் திரும்பிப் போய்விடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படிச் சொல்ல வாய் வரை வந்தது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, திரையில் ஓடும் புரியாத எண்களைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஆறாம் பதிப்பை எடுத்து ஓட்டினான். அக்டோபர் ஒன்பது. மூன்று மணி. ஒன்றும் இல்லை. மூன்றரை. ஒன்றும் இல்லை. நான்கு பத்துக்கு ஒரே ஒரு வரி.

மாசானம் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பினான். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

‘சரி போடுங்க. மொதல்ல போய்ச் சாப்பிடுங்க.’

பாக்கியநாதன் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, “அன்னைக்கு நான் சாப்பிடலதான்,” என்றார். “காலையிலேருந்தே சாப்பிடல. கண்ணத் தொறக்க முடியாதவளுக்கு அது எப்பிடித் தெரிஞ்சுது?” சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதார். பதினோரு வயதுப் பையனைப்போல விசும்பி, மூக்கைத் துண்டில் துடைத்து அழுதார். அவர் நெஞ்சில் ஒரு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. மாசானத்துக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததாலேயே மேற்கொண்டு பார்க்கப் பயந்தான்.

“தம்பி, வேற ஏதும் சொல்லியிருக்காளா?”

“இருக்கு அண்ணாச்சி. நாலு மாசத்துக்கும் இருக்கு.”

“அச்சடிச்சுத் தாங்களேன். அவ கையெழுத்துதான் இல்ல. அச்சாவது இருக்கட்டும்.”

காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, மாசானம் அதைப் பக்கங்களாக அமைத்தான். செய்து பழகிய வேலை. நல்ல எழுத்துருவாக, வயதானவர் வாசிக்கப் பெரிய அளவாக, தேதிகளைத் தடித்த எழுத்தில். அமைக்கும்போது வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் இரண்டு: ‘பழைய பட்டை. எனக்கு ஓடல. நன்றி.’

ஓடாதபோதும் நன்றி சொல்லியிருந்தார்.

ஜூன் ஆறு, காலை பத்தேகால். அந்தக் கணினி தினமும் பத்து மணிக்கு முனையத்துப் பதிவுகளை அவருக்கு வாசித்துக் காட்டும். மாசானத்தின் தீர்மானத்தையும் வாசித்திருக்கிறது. ‘ஆட்சேபம். நான் ஒருத்தி இருக்கேன்.’ ஏழாம் தேதி: ‘ஆட்சேபம்.’ எட்டாம் தேதி: ‘ஆட்சேபம்.’ ஒரு நாள் தவறாமல், பத்தேகாலுக்கு, பதினான்கு நாளும். இருபதாம் தேதி, தீர்மானம் நிறைவேறியது என்று கேட்ட பிறகு: ‘நான் சொன்னேனே.’

பிறகு கணவரிடம் பேச்சு. ‘என்னங்க, விளக்கப் பாருங்க.’ ‘காதுக்குக் கீழ பாருங்க.’ ‘நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன்.’ ஜூலையில்: ‘நொச்சிக்குத் தண்ணி ஊத்தலையா? காத்துல வாசமே வரலையே.’ ஆகஸ்டில்: ‘யாருக்காவது கேக்குதா?’ அதையே முப்பது நாற்பது தடவை. செப்டம்பரில் நாளுக்கு இரண்டு வரி. இருபத்தெட்டாம் தேதிக்குப் பிறகு எதுவும் இல்லை. பதினோரு நாள் ஒரு துடிப்பும் இல்லை. அதன் பிறகுதான் அந்த அக்டோபர் மத்தியானம், அந்த ‘சரி’.

பெரியவர் கேட்ட சம்மதம் அதில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது முந்தின நாற்பது பக்கங்களில் இருந்தது. கேட்பதற்கு யாரும் இல்லாமல் நாலு மாதம் பேசி ஓய்ந்தவர் சொன்ன ‘சரி’ அது. மாசானம் மேசையில் முழங்கையை ஊன்றி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பாக்கியநாதன் வந்ததும் தாள்களை நீட்டினான். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, இத வாசிக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அவங்க நரம்பு அடங்கல. பட்டையும் கெட்டுப்போகல. ஜூன்ல நான் போட்ட மாத்தத்துல அது நின்னுபோச்சு. அது ஓடுதான்னு பாக்க எங்கிட்ட வழி இல்ல. பாக்காமலே போட்டேன். பெறகு, யாருக்காவது வேணுமான்னு பதினாலு நாள் கேட்டேன். ஒருத்தரும் வேணும்னு சொல்லலன்னு அத மொத்தமா எடுத்தும் போட்டேன். அவங்க சொல்லியிருக்காங்க. தெனமும் சொல்லியிருக்காங்க.”

பாக்கியநாதன் முதலில் விளங்காதவராகப் பார்த்தார். அப்புறம் விளங்கியது. அடிக்கப் போகிறார் என்று மாசானம் நினைத்தான், அடித்திருந்தால் தேவலை. அவர் தாள்களை வாங்கிக் குத்துமதிப்பாக நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். அது ஜூலைப் பக்கம்.

“ஆடியில அந்தச் செடி பட்டுப்போச்சு,” என்றார். “தண்ணி ஊத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

பக்கத்தை மூடிவிட்டுச் சொன்னார்: “முப்பத்திரெண்டு வருசம் பஸ்சுல வேல பாத்தேன் தம்பி. யாரும் சத்தம் குடுக்கலங்கதுக்காக ஒரு நாளும் விசில் அடிச்சதில்ல. திரும்பிப் படியப் பாப்பேன். ஏறுதவன் வாயில்லாதவனா இருக்கலாம், புள்ளத்தாச்சியா இருக்கலாம். பாத்துட்டுத்தான் அடிப்பேன். நீங்க பாக்கல.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நானும் பாக்கலையே. நீங்க எங்கயோ இருந்திய. நான் பக்கத்துலதான இருந்தேன். ஒரு நாளாவது தலையணைய வெலக்கிக் காதுக்குக் கீழ பாத்திருக்கலாம்லா.”

கணினியை மட்டும் எடுத்துக்கொண்டார். பட்டையை மேசையிலேயே விட்டார். “இது இங்கயே கெடக்கட்டும். இனிமே போடுததுக்கு முன்னால இதுல போட்டுப் பாருங்க.” தார்ப்பாய்க்குள் தாள்களை நனையாமல் பொதிந்துகொண்டு, பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டுப் போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மாசானம் கேட்கவும் இல்லை.

மறுநாள் பூட்டிய தீர்மானத்தைத் திறந்து, நொச்சியின் பதினான்கு ஆட்சேபங்களையும் தேதி, மணியோடு கீழே வரிசையாகப் போட்டான். யாருடையது, எப்படிக் கிடைத்தது, அவர் இப்போது இல்லை என்பதை நாலு வரியில் எழுதினான். தன் பெயரை மறைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வரிந்துகட்டும் முனையத்தில் முழுதாக ஒரு நாள் ஒரு பதிவும் வரவில்லை. அடுத்த நாள் ரஹ்மத்துல்லா எழுதினார்: ‘முதல் ஆட்சேபம் ஜூன் ஆறு, தீர்மானம் வந்த அன்றே பதிவாகியிருக்கிறது. விதிப்படி இந்தத் தீர்மானம் செல்லாது.’

அதன்பிறகு சண்டை பிடித்துக்கொண்டது. இனிமேலாவது ஆளை எண்ண வேண்டும் என்று பாதிப் பேர். செத்தவர் பெயரைச் சொல்லி உளவு பார்க்காதீர்கள் என்று மீதிப் பேர். நானூறு பதிவு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. முன்பு தொண்டை கிழியக் கத்திய மாசானம் இந்த முறை ஒரு வார்த்தை எழுதவில்லை. நீக்கிய மூவாயிரம் வரிகளைத் திரும்பக் கொண்டுவந்து, புது அடிநிரலுக்கு ஏற்ப ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தான். ஜீவரத்தினத்தின் பட்டையைத் தன் கழுத்திலேயே கட்டிச் சோதித்தான். நீல விளக்கு எரிகிறதா என்று கண்ணாடியில் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். மனதுக்குள் ஏதாவது பேச வேண்டுமே என்று அவன் பேசியது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: ‘நான் ஒருத்தி இருக்கேன்.’ ஒலிபெருக்கி அதை அப்படியே சொல்லும்.

புதிதாக ஒன்றும் சேர்த்தான். பட்டையிலிருந்து துடிப்பு வந்தும் அதைச் சொல்லாக்க முடியாவிட்டால், கணினி உரக்க அறிவிக்கும்: ‘இவர் பேசுகிறார். எனக்குத்தான் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள்.’ மன்றத்துக்கு ஒரு புள்ளியும் போகாது. அந்த அறைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் நம்பாமல், ஜெசிந்தா பழைய பதிவுகளைத் துழாவி, பட்டையைப் பற்றி எப்போதாவது ஒரு வரி எழுதியவர்களின் விலாசங்களைத் தேடி ஐம்பத்தெட்டுக் கடிதம் போட்டாள். பன்னிரண்டுக்குப் பதில் வந்தது. ஒன்பது, ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பி வந்தது.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை எட்டாம் பதிப்பு வெளியானது. மாசானம் அச்சகத்தில் ஒரு காதுகுத்துப் பத்திரிகையைச் செய்துகொண்டிருந்தான். பழக்க தோஷம், கண் அடிக்கடி மன்றத்துப் பக்கம் போனது. யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். மதியம் வரை யாரும் வரவில்லை. எழுந்து டீக்குப் போகலாம் என்று நாற்காலியைத் தள்ளியபோது ஒரு பதிவு வந்து விழுந்தது.

‘பழைய பட்டை. எனக்கு ஓடுது. ஜூனுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறேன்.’

பெயர் ஆழி. ஊர் மன்னார். மன்றத்தில் சேர்ந்து ஒன்பது வருடம். இதுவரை எழுதிய பதிவுகள்: ஒன்று.

மாசானம் நின்றவன் அப்படியே உட்கார்ந்தான். இரண்டரை மணிக்கு இன்னொன்று, அறந்தாங்கியிலிருந்து. எழுதியது மகள், சொன்னது அப்பா. நாலு மணிக்கு ஈரோட்டிலிருந்து ஒன்று, வெறும் ‘ஓடுது’ என்று. ஆறு மணிக்கு முன்னால் ஊர் போடாத ஒருவர். எட்டு மாதம் இவர்கள் எல்லாரும் எங்கேயோ ஒரு கட்டிலில் கிடந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் மாசானமுத்து தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஆட்களை எண்ணினான். நாலு. ஜீவரத்தினம் டீச்சரையும் சேர்த்தால் ஐந்து. காதுகுத்துப் பத்திரிகை பாதியில் நின்றது. ஏழு மணிக்கு முதலாளி வந்து கடையைப் பூட்ட வேண்டும் என்றார். இன்னும் யாராவது எழுதுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எழுத முடியாமலே போனவர்களை எப்படி எண்ணுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.